கினிப்பன்றிக் கூண்டுக்குள் என் தலை

உடம்பெல்லாம் முடி இருக்கிற பிராணிக்குக் குளிரே தெரியாது என்றுதான் முதலில் நம்பினேன். வடக்கனந்தலிலிருந்து கல்வராயன் மலைக்குக் குடிவந்தபோது, மகளின் இரண்டு கினிப்பன்றிகளை அந்தத் தைரியத்தில்தான் வாசலில் மரக்கூண்டிலேயே விட்டேன். மார்கழிப் பனி இறங்கியதும் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுங்கின. பதறிப்போய், களத்து நெல்லைப் பனிக்கு மூடுவதுபோல், கூண்டு முழுவதையும் தார்ப்பாயால் காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டினேன்.

விடிந்து பாயை விலக்கினால், உள்ளே மூச்சுக்காற்று நீராய் வழிந்து வைக்கோல் சொதசொதவென்று கிடந்தது. மூலையில் இரண்டும் அசையவில்லை. கொன்றுவிட்டேன் என்று முடிவுகட்டினேன். கை எட்டாததால், சின்னக் கதவு வழியே தலையையும் தோள்களையும் நுழைத்தேன். உள்ளே போன தோள்கள் வெளியே வர மறுத்தன. இழுக்க இழுக்கக் கதவுச் சட்டம் இன்னும் கவ்வியது.

பின்னாலிருந்து மனைவி கேட்டாள். "இன்னாங்க, நீங்களும் உள்ளயே குடித்தனம் போயிட்டீங்களா?"

"சிரிக்காதடி, மூச்சு முட்டுது! ரெண்டும் செத்துப்போச்சு!"

"செத்தது எங்கனா கீச்சு கீச்சுன்னு கத்துமா?"

அந்தக் கீச்சுச் சத்தத்தை நான் என் குரல் என்றே நினைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ரம்பத்தோடு வந்து கதவுச் சட்டத்தை அறுத்தபிறகுதான் என்னால் வெளியே வர முடிந்தது. மனைவி ஈர வைக்கோலை அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் பரப்பினாள். தார்ப்பாயின் ஒரு பக்கத்தைக் காற்றுக்குத் திறந்துவிட்டோம். கினிப்பன்றிகள் இரண்டும் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டன.