கறுப்புத் திரையில் ஐந்தருவி

அப்பா இருக்கும் வீடியோ எங்களிடம் ஒன்றே ஒன்றுதான். மும்பையிலிருந்து குற்றாலச் சீசனுக்கு வந்த சித்தப்பாவிடம் காமிராவை இரவல் வாங்கி, ஐந்தருவியில் அம்மா எடுத்தது. அடுத்த சீசனுக்கு அப்பா இல்லை. பிறகு எங்கள் தென்காசி வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் ஏறி, கடையில் விண்டோஸ் எக்ஸ்பியைப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். அதோடு படம் போனது. கறுப்புத் திரையும் அருவிச் சத்தமும்தான் மிச்சம்.

சாரல் விழும் நாளெல்லாம் அம்மா அதைப் போட்டுவிட்டு அடுப்படியில் நிற்பாள். காலேஜ் லீவில் அதைக் கேட்டபடி படுத்துக் கிடந்த மத்தியானங்களுக்காக இன்றும் ஏங்குகிறேன். நடுவில் மட்டும் காதைக் கிழிக்கும் ஒரு கரகரப்பு. அது முடிந்ததும் அம்மாவின் இளவயதுக் குரல், "இப்ப தெரியுது" என்னும். எது தெரிகிறது என்று நான் கேட்டதே இல்லை. கரகரப்பு ஃபைலின் கோளாறு என்று முடிவு கட்டியிருந்தேன். கம்ப்யூட்டர் படித்தவன் அல்லவா!

இந்த ஆனியில், படத்தை மீட்காமல் திரும்புவதில்லை என்று ஊருக்கு வந்தேன். ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக்கொண்டு போகிறேன் என்றதும் அம்மா மறித்தாள்.

"பொட்டியத் தொடாத. எதுத்த வீட்டுக்காரி செல்போன ரிப்பேருக்குக் குடுத்து, போட்டோ பூரா போச்சு. இங்கன வச்சே பாருலே."

பென் டிரைவ் சொருகும் இடமெல்லாம் ஈரத்தில் துருப்பிடித்திருந்தது. இன்டர்நெட்டில் ஒரு பக்கமும் திறக்கவில்லை. வேண்டியதோ கோடெக், சுருக்கி வைத்த படத்தை விரித்துக் காட்டும் சின்ன மென்பொருள். கடையில் சி.டி.யில் ஏற்றி வாங்கி வந்தேன். புதிய கோடெக், இந்த விண்டோஸில் ஓட மாட்டேன் என்றது. கொஞ்சம் பழையதைப் போட்டால் இருந்த சத்தமும் நின்றது.

அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "சத்தத்தையும் போக்கிட்டியாலே?"

பயந்தேபோனேன். அதை நீக்கிவிட்டு, அந்தக் காமிரா காலத்துக் கோடெக்கையே தேடிப் பிடித்துப் போட்டேன்.

படம் வந்தது. கஞ்சித் தண்ணீரை ஊற்றியதுபோலத் திரை முழுக்க வெள்ளை. "ஃபைலே போச்சும்மா" என்று எரிச்சலோடு எழுந்தேன்.

"பொறுலே. இரவல் காமிரா நனஞ்சிரும்னு உங்கப்பாதான் பாலிதீன் கவரைச் சுத்திக் குடுத்தாவ. உக்காரு, இப்ப வருவாவ."

கரகரப்பு தொடங்கியது. ஒரு கை, துண்டால் கவரை அழுத்தித் துடைத்தது. துடைக்கத் துடைக்க, ஈர மீசையோடு அப்பாவின் முகம் திரை நிறையத் தெளிந்து வந்தது. குனிந்து பார்த்து ஏதோ கேட்டார். இத்தனை வருடம் அந்தக் கரகரப்பில் கேட்காமல் போனதை உதட்டசைவில் பார்த்தேன். "தெரியுதா?"

வீடியோவில் இருந்த அம்மா பதில் சொல்வதற்குள், கரண்டியோடு பக்கத்தில் நின்ற அம்மா சொல்லிவிட்டாள்.

"இப்ப தெரியுது."