கம்பெனி வாசலில் கடற்கரைச் செடிகள்

எங்கள் பேண்டேஜ் கம்பெனி வாசலில் இன்று மூன்று பூவரசுகள் நிற்கின்றன. அவற்றின் காலடியில் அடும்புக்கொடி தரை தெரியாமல் படர்ந்து ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கிறது. இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் உங்களுக்கும் தெரியும். நட்டது நான். இதை அடக்கமாகச் சொல்லலாம்தான். ஆனால் இரண்டு வருஷம் நான் வாங்கிய பேச்சுக்கு அடக்கம் கட்டுப்படியாகாது.

துணியில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. காயத்துக்குக் கட்டுகிற துணி மேஜை மீது விரிந்து வரும்போது இரண்டு கையாலும் தடவிப் பார்ப்பேன். இழை விட்டிருந்தாலோ, கறை இருந்தாலோ, சரியாக அலசாமல் விறைப்பாக இருந்தாலோ கழித்துப் போட்டுவிடுவேன். கண்ணைவிட விரல்தான் முதலில் கண்டுபிடிக்கும். கம்பெனியில் என் கையை நம்பித்தான் துணி லாரி ஏறுகிறது.

அதே கைக்கு வெளியே வேறு பெயர். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவர். ஓய்வுபெற்று வந்து இரண்டு வருஷத்தில் காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு வளைகாப்பு வீடுகளில் சந்தனக் கிண்ணம் எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவளோடு திரும்பிப் போய்விடும். யாரும் வாய்திறந்து ஒன்றும் சொல்வதில்லை. நானும் வந்ததற்கு மொய்க்கவரைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுக் கிளம்பிவிடுவேன். வலிக்காமல் இல்லை.

கம்பெனி வாசல் விவகாரம் மத்தியானச் சோற்றில் ஆரம்பித்தது. நாங்கள் இருபத்திரண்டு பெண்கள். உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டால் பறக்கிற பஞ்சுத்தூசி சோற்றில் விழும். தயிர்ச்சோறு என்றால் தெரியவே தெரியாது. தொண்டையில் போய் உட்கார்ந்த பிறகுதான் இருமல் சொல்லும். அதனால் வாசலில் இருக்கிற வெற்றுத்தரையில் சுவரோர நிழலில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவோம். காற்றடித்தால் மண்ணும் சேர்ந்து வரும். முதலாளி ஒருநாள் பார்த்துவிட்டு, தரை முழுக்க சிமென்ட் பிளாக் கல் பதித்துவிடலாம் என்றார். சித்திரை வெயிலில் அந்தக் கல்லில் தோசை சுடலாம். பிறகு உள்ளேதான், பஞ்சோடுதான் சாப்பாடு.

"கல்லு வேண்டாம் முதலாளி. செடி வச்சா மண்ணும் பறக்காது, நிழலும் இருக்கும். நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். யாரும் கேட்காமல் நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் இருக்கும் நர்சரிக்குப் போனேன். மேற்கே மலை தெரிகிற ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு: தண்ணீர் ஊற்றினால் எதுவும் முளைத்துவிடும் என்று. எனக்கும் அதே நினைப்புதான். மில் பங்களாக்களின் முன்னால் பார்த்ததையெல்லாம் கேட்டேன். புல்தரை, இட்லிப்பூ, குரோட்டன்ஸ், செம்பருத்தி. "எங்க வச்சாலும் வரும்க்கா" என்றார் நர்சரிக்காரர். எங்கள் வாசலில் வரவில்லை. புல் பத்து நாளில் பழுத்தது. இட்லிப்பூவின் இலை மஞ்சளாகி ஓரம் கருகியது. குரோட்டன்ஸ் குச்சியாக நின்றது.

தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, கம்பெனி போர்வெல் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினேன். இன்னும் சீக்கிரம் செத்தன.

ஆடி மாதம் மறுபடியும் வைத்தேன். இந்த முறை வெயில்தான் எதிரி என்று முடிவு கட்டி, கழித்துப் போட்ட பேண்டேஜ் துணியைக் குச்சி நட்டு ஒவ்வொரு செடிக்கும் கூடாரமாகப் போர்த்திவிட்டேன். டவுன் பஸ் கம்பெனியைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகச் சிரிப்பு கேட்கும். "ஏலே, இங்க பாரு, செடிக்கெல்லாம் கட்டுப் போட்டுப் படுக்க வச்சிருக்காவ!" கட்டுப் போட்டும் நோயாளிகள் பிழைக்கவில்லை. ஆவணி முடிவதற்குள் எல்லாம் காய்ந்துவிட்டன.

பேக்கிங் பிரிவில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள், பேக்கிங் அக்கா. அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அன்று சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, எனக்குக் கேட்கிறது என்று தெரிந்தே சொன்னாள்: "செடிய என்ன குத்தம் சொல்ல? எல்லாத்துக்கும் ஒரு கைராசி வேணும்லா."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. நான் போய்க் காய்ந்த செடிகளின் மேலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தேன். ஆத்திரத்தில் கண் மறைத்தது. ஆனால் விரல் தன் வேலையைப் பார்த்தது. துணியின் மேல்பாகம் மெத்தென்று இருந்தது. மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்த அடி ஓரம் மட்டும் விறைப்பாக, மடித்தால் மொறுமொறுவென்று ஒடிகிற மாதிரி இருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த விறைப்பு அது. வெளுத்த பிறகு சரியாக அலசாத துணி இப்படித்தான் இருக்கும்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரம் முழுக்க வெள்ளைப் பொருக்கு. நாக்கில் வைத்தேன். உப்பு.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முதலாளியின் அப்பா, பெரிய முதலாளி காலத்தில் துணி வெளுக்கும் வேலை இந்த இடத்திலேயேதான் நடந்தது. அலசின தண்ணீரெல்லாம் இந்தத் தரையில்தான் ஓடியது. பிறகு வெளுப்பு வேறிடம் போய்விட்டது. உப்பு போகவில்லை. போர் தண்ணீரும் வாயில் வைக்க முடியாத உப்பு. நான் குடம் குடமாக உப்பை ஊற்றியிருக்கிறேன். மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சிய பேண்டேஜ் துணி, உப்பைத் தன் ஓரத்தில் எழுதிக் காட்டிவிட்டது. செடிகள் செத்தது என் கையால் அல்ல. இதை அப்போதே எழுந்து நின்று கத்தியிருக்கலாம். ஆனால் உப்பு என்று நிரூபித்தால் கல் பதிக்க இன்னொரு காரணம் கிடைக்கும். வாயை மூடிக்கொண்டேன்.

புரட்டாசியில் என் அக்காவிடமிருந்து போன் வந்தது. அவளைத் தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோர ஊர் ஒன்றில் கட்டிக் கொடுத்திருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

அந்த ஊரில் மழை எங்களைவிடக் குறைவு. தரை வெறும் மணல். காற்றில் உப்பு, ஜன்னல் கம்பியைத் தொட்டால் கை பிசுபிசுக்கிறது. அப்படியிருந்தும் அக்கா வீட்டுக்குப் பின்னால் கடற்கரை முழுக்க ஒரு கொடி, ஆட்டுக் குளம்பு மாதிரி இலையோடு, ஊதாப் பூவோடு ஓடிக்கொண்டிருந்தது. படகு நிறுத்துகிற இடத்தில் பூவரசுகள் குடை பிடித்து நின்றன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கம்பெனி வாசலுக்கு மலையடிவாரத்துச் செடி எதற்கு? அது கடற்கரை. கடல் இல்லாத கடற்கரை, அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து அக்காவுக்குக் கஞ்சி கொடுத்த கையோடு வெளியே கிளம்பிவிடுவேன். துணி பார்ப்பது மாதிரியே செடி பார்த்தேன். எதைப் பார்த்தாலும் பக்கத்து வீட்டில் ஒரே கேள்விதான்: "இதுக்கு யாரு தண்ணி ஊத்துதா?" யாராவது ஊற்றுகிறார்கள் என்றால் கழித்துவிடுவேன். அக்கா முற்றத்துச் செம்பருத்தி பார்க்க அழகு. ஆனால் அத்தான் தினமும் ஊற்றுகிறார். கழிவு. அரளி தண்ணீர் கேட்காது, உப்புக்கும் அசையாது. ஆனால் பெண்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் விஷச்செடி எதற்கு? அதுவும் கழிவு. அடும்பும் பூவரசும் தேறின. மூன்றாவதாகத் தேறியது நித்தியகல்யாணி. அதைப் பார்த்தது தெருக்கோடியில் இருந்த கல்லறைத் தோட்டத்தில். யாரும் எட்டிப் பார்க்காத பழைய கல்லறைகளின் வெடிப்புகளில், வெள்ளையும் ரோஸுமாக, அவ்வளவு சந்தோஷமாகப் பூத்திருந்தது.

"ஏட்டி, கால் ஒடிஞ்சவள பாக்க வந்தியா, செடி பாக்க வந்தியா?" என்று அக்கா கட்டிலில் இருந்தே கத்தினாள். ஆனால் பூவரசங்கிளைகளை வெட்டித் தரச் சொல்லி அத்தானை ஏவியதும் அவள்தான்.

நடுவதற்கென்று கை கனத்தில் வெட்டிய மூன்று பூவரசம்போத்து, ஒரு சாக்கு அடும்புக்கொடி, ஒரு பை நித்தியகல்யாணி நாற்று. வெட்டுவாயில் ஈர பேண்டேஜ் சுற்றிக் கட்டினேன். கோவில்பட்டியில் பஸ் மாறும்போது கண்டக்டர் பார்த்துவிட்டு, "என்னக்கா, மூணு பேருக்கும் காலு போச்சா?" என்றார். "ஆமா, அரை டிக்கெட் போடுங்க" என்றேன்.

ஐப்பசி மழை பிடித்து, தரையை நன்றாக இரண்டு தடவை அலசிவிட்டுப் போகட்டும் என்று, எல்லாவற்றையும் வீட்டில் ஈரச் சாக்கில் வைத்துக் காத்திருந்தேன். அலசாத துணியை நான் லாரியில் ஏற்றமாட்டேன் அல்லவா. பிறகு நட்டேன். நித்தியகல்யாணியைப் பார்த்ததும் பேக்கிங் அக்காவுக்கு முகம் மாறியது.

"இது கல்லறையில வைக்கிற பூவுல்லா? சோறு திங்கிற எடத்துல கொண்டாந்து வைக்கியே?"

"செத்தவிய பக்கத்துலயே சாகாம நிக்கி. நம்ம பக்கத்துலயா சாவப் போவுது?" என்றேன். அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள். இன்னும் நாலு பேர் அவளோடு எழுந்து போனார்கள்.

முதலாளி வந்து பார்த்தார். கல் ஏற்கெனவே லாரியில் வந்து இறங்கி ஓரத்தில் அடுக்கியிருந்தது. குச்சிகளையும் கொடிகளையும் பார்த்துவிட்டு, "இது மூணாவது தடவம்மா" என்றார்.

"அக்னி நட்சத்திரம் முடியட்டும் முதலாளி. அன்னைக்கு உசுரோட இருந்தா கல்லு வேண்டாம். இல்லேன்னா நானே பதிக்க ஆள் கூட்டியாரேன்."

அவர் சரி என்றார். கார்த்திகையோடு மழை நின்றுவிடும், போர் தண்ணீரை நான் தொடமாட்டேன். அப்புறம் எதை ஊற்றுவது? தினமும் சாயங்காலம் பஸ் ஏறுமுன் நாங்கள் எல்லோரும் பாட்டிலில் மிச்சமிருக்கும் குடிதண்ணீரைக் கேட் ஓரம் கொட்டிவிட்டுப் போவது வழக்கம். பழைய மண்கலயங்கள் மூன்றில் அடியில் ஓட்டை போட்டு, கழிவு பேண்டேஜைத் திரியாகத் திரித்துச் செருகி, ஒவ்வொரு போத்தின் அடியருகே புதைத்தேன். "கொட்டுற தண்ணிய இதுல கொட்டுங்க" என்றேன். அவ்வளவுதான் பாசனம். திரி வழியாகத் துளித்துளியாக இறங்கும். துணி எவ்வளவு உறிஞ்சும், எவ்வளவு விடும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம். கொடிக்கும் பூவுக்கும் மழையோடு சரி.

தை மாதம் போத்துகளில் மொட்டு மொட்டாகப் பச்சை தெரிந்தது. மாசியில் அடும்பு கணுவுக்குக் கணு வேர் விட்டுத் தரையைப் பிடித்துக்கொண்டது. பங்குனிக் காற்றில் முதல் தடவையாக எங்கள் சோற்றில் மண் விழவில்லை. அதை வாய்விட்டுச் சொன்னவள் நான் இல்லை, தள்ளிப் போய் உட்கார்ந்த நாலு பேரில் ஒருத்தி. மறுநாள் அவள் பாட்டிலும் கலயத்துக்கு வந்தது.

சித்திரை பிறந்து கத்தரி வெயில் ஆரம்பித்தது. கம்பெனிக்கு எதிரே வேப்பமரமே வாடி நின்றது. காலையில் இறங்கினதும் முதலில் கொடியைத் தடவிப் பார்ப்பேன். இலை தடிப்பாக, குளிர்ச்சியாக இருக்கும். அப்படியும் ஒருநாள் பூவரசு ஒன்று இலையெல்லாம் தொங்கவிட்டது. அன்று முழுக்க மேஜையில் என்ன துணி ஓடியதென்றே தெரியாது. சாயங்காலம் வந்து பார்த்தால் கலயம் காலி. என் பாட்டிலில் ஒரு சொட்டு இல்லை. பின்னால் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பேக்கிங் அக்கா. என்னைப் பார்க்காமல், தன் பாட்டிலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை உதறிவிட்டுப் போனாள்.

அக்னி நட்சத்திரம் முடிந்த மறுநாள் முதலாளி வந்தார். மூன்று பூவரசும் என் தலைக்கு மேலே இலை விரித்து நின்றன. அடும்பு பூத்திருந்தது. கல்லறைப் பூ ரோஸும் வெள்ளையுமாக கேட் வரை போயிருந்தது. இருபத்திரண்டு பெண்களும் வேலையை விட்டுவிட்டு ஜன்னலில் நின்றோம். அவர் சுற்றிச் சுற்றி நடந்தார். குனிந்து ஒரு கொடியை இழுத்துப் பார்த்தார், அது வரவில்லை. வீட்டில் பேசுகிற தெலுங்கு அவரையறியாமல் வந்துவிட்டது.

"பாகுந்திம்மா" என்றார். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். ஜன்னலில் எழுந்த கூச்சலில் தறி நின்றுவிட்டதோ என்று மெக்கானிக் ஓடிவந்தார்.

கல் வீணாகவில்லை. பூவரசுகளைச் சுற்றி அடுக்கி, உட்கார்ந்து சாப்பிட இருக்கை ஆக்கிவிட்டோம்.

அதோடு முடிந்திருந்தாலே எனக்குப் போதும். ஆவணியில் பேக்கிங் அக்கா என் மேஜைக்கு வந்தாள். வன்னியம்பட்டியில் அவள் மகள் புதுவீடு கட்டியிருந்தாள். பால் காய்ப்பு. பத்திரிகையை நீட்டினாள். வழக்கம்போலக் கவரோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வரவேண்டியதுதான் என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். அவள் நகரவில்லை.

"வரும்போது பூவரசம்போத்து ஒண்ணு கொண்டாந்திரு. அந்த ரோஸ் பூவும் ரெண்டு."

"அது கல்லறைப் பூவுல்லா அக்கா?" என்றேன். விடுவேனா?

அவள் மேஜைமேல் இருந்த துணியின் ஓரத்தை நீவிவிட்டாள். "இருந்துட்டுப் போகுது. பால் பொங்குனதும் வாசல்ல மொதச் செடி நீதான் வைக்கணும். எம் மக கேட்டா, நானும் அதத்தான் நெனச்சேன். வேற யாரு கையும் வேண்டாம்."

பால் பொங்கிய வீட்டு வாசலில், பட்டுச்சேலைகளுக்கு நடுவே, எனக்கு வழிவிட்டார்கள். குழி தயாராக இருந்தது. நாக்கில் ஒரு சிட்டிகை மண் வைத்துப் பார்த்தேன், உப்பு இல்லை. இந்த வீட்டில் எதை வைத்தாலும் வரும். அதைச் சொல்லாமல், போத்தை நட்டு, இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளி நன்றாக அழுத்தினேன். எழுந்து நின்றபோது பேக்கிங் அக்காவின் மகள் சந்தனக் கிண்ணத்தோடு எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மண் ஒட்டிய கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்றேன். "அப்படியே நீட்டுங்க சித்தி" என்றாள்.

நீட்டினேன்.