கிளியம்மாளுக்குக் கிடைத்த முறிவு

மண்ணூர்க் கிளியம்மாள் அறுபது வயதுவரை நிம்மதியாக உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டதில்லை. மகன் எழிலரசனும் மருமகளும் ஆளுக்கொரு ஷிப்டில் கம்பெனிக்குப் போய்விட, இரண்டு மாடு, தண்ணீர்க் குடம், அடுப்பு எல்லாம் அவள் தலையில்தான். 2011இல் எலும்பு மெலிவு நோய் ஆராய்ச்சிக்காக அந்த ஊர்ப் பெண்களின் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்தோம். எடுப்பது என் வேலை.

பார்ப்பது டாக்டர் நம்பிராஜன் வேலை. நல்லவர், வாய்தான் கொஞ்சம் அவசரம். இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்து ஒத்துப்போகும்வரை யாரிடமும் முடிவைச் சொல்லக் கூடாது என்பது ஏற்பாடு. கிளியம்மாள் எக்ஸ்ரே அறை வாசலை விட்டு நகர்ந்தால்தானே!

“இன்னா சார், உடைஞ்சிக்கீதா இல்லியா? சொல்லிட்டுப் போ.”

அவர் படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். “நடுமுதுகுல ஒரு எலும்பு நசுங்கியிருக்கு, அதுவும் முறிவுதாம்மா. கனம் தூக்காதீங்க.”

அன்றிலிருந்து அவள் மகாராணி. மருமகள் குடம் எடுத்தாள், மகன் மாடு கறந்தான். வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க ஷேர் ஆட்டோவில் போய்வந்தாள். கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் தன் முறிவைப் பற்றிப் பேசினாள்.

அடுத்த மாதம், இரண்டாவதாகப் பார்க்க வேண்டிய டாக்டர் வேல்விழி அதே படத்தைப் பார்த்து, முறிவே இல்லை என்றார். நம்பிராஜனுக்குக் கோபம் வந்தது. “எனக்குக் கண் தெரியாதா?” வேல்விழி வாதாடவில்லை. பெயரை மறைத்து, வேறு படங்களோடு கலந்து, அதை அவரிடமே மறுபடி கொடுத்தார். போன மாத நம்பிராஜனோடு இந்த மாத நம்பிராஜன் ஒத்துப்போகவில்லை. “முறிவு இல்லை” என்று எழுதினார்.

அதோடு விட்டாரா? டீக்கடையில் எழிலரசனைப் பார்த்து நல்ல செய்தி என்று சொல்லியும் வைத்தார். மறுநாள் காலையிலேயே கிளியம்மாள் வந்து நின்றாள்.

“நீதானே சார் உடைஞ்சிக்கீதுன்னே? இப்போ இல்லேன்னா குடம் மறுபடி என் இடுப்புக்கு வந்துடுமே!”

அவர் நேராக வேல்விழியிடம் போனார். இரண்டு டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். கண்ணை மட்டும் நம்பாமல், ஸ்கேல் வைத்து ஒவ்வொரு எலும்பின் முன்பக்க உயரத்தையும் பின்பக்க உயரத்தையும் அளந்தார்கள். இனி எல்லாப் படங்களுக்கும் இதே முறை என்று முடிவானது. நம்பிராஜன் சொன்ன எலும்பு நன்றாகவே இருந்தது. ஆனால் அதற்குக் கொஞ்சம் கீழே, இருவர் கண்ணிலும் படாத இன்னொரு எலும்பு, முன்பக்கம் நிஜமாகவே நசுங்கியிருந்தது.

நான்தான் போய்ச் சொன்னேன். முதுகெலும்பு முறிந்த செய்திக்கு ஒருத்தியின் முகம் அப்படி மலர்ந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

கிளியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இதையாவது மாத்தாம இருப்பாங்களாம்மா?”