குப்பம்மா கேட்ட பேய்க்கதை

பேய்க்கதை படித்துவிட்டுப் பயந்து சாகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காசு கொடுத்து வாங்கிப் படிப்பார்களாம், அப்புறம் கொல்லைப்பக்கம் போகத் துணைக்கு ஆள் தேடுவார்களாம். உங்கள் பயம் உங்களோடு போய்த் தொலையட்டும். அது ஊரூர் குப்பத்துக் குப்பம்மாவை என்ன பாடு படுத்தியது என்று யாராவது கேட்டீர்களா?

நான் லூர்துமேரி. சாந்தோமில் கன்னியாஸ்திரீகளிடம் ஐந்தாவது வரை படித்தவள். குப்பம்மா தினமும் மீன்கூடையோடு அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி வந்து, மந்தைவெளியில் விற்றுவிட்டு, வெயில் ஏறினதும் என் வீட்டு வாசலில் உட்காருவாள். ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு வாய் வெற்றிலை. வயதில் என் தாய்க்குச் சமம், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அம்மா என்று கூப்பிட்டால் அவளுக்கு அழுகை வந்துவிடும்.

ஏனென்றால் அவளுடைய ஒரே மகள் கங்கம்மா, ஏழு மாதப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு ஜன்னி கண்டு செத்துப்போனாள். அப்படிச் செத்தவள் அந்தச் சுமையோடேயே அலைவாள் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்காகப் பாதையோரத்தில் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒரு பலகைக் கல். போகிறவர் வருகிறவர் யார் கையையும் எதிர்பார்க்காமல் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறலாம். ஒவ்வொருத்தர் சுமை இறங்கும்போதும் செத்தவளின் சுமையும் கொஞ்சம் இறங்கும். குப்பம்மா காதில் கிடந்ததை விற்று, பாலத்துக்குத் தென்கரையில் கங்காவுக்கு ஒரு கல் நட்டாள்.

குப்பத்துப் பெண்கள் “ஏ கங்கா, புடிடீ” என்று சொல்லித்தான் அங்கே கூடையை வைப்பார்கள். கல் எப்போதும் மீன்தண்ணீரில் ஈரமாக இருக்கும். “இன்னிக்கும் காயலடி மேரி” என்று குப்பம்மா என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்! பேத்தி பிறந்த வீட்டுக்காரி மாதிரி இருப்பாள்.

அப்படி இருந்த கல்லை முப்பத்தைந்தாம் வருஷம் ஒரு கதைக்காரன் பார்த்துத் தொலைத்தான். மயிலாப்பூர்ப் பையன், பெயர் ரங்கன். பி.ஏ. முடித்து, வேலை கிடைக்காமல், பாலத்துப் பக்கம் காற்று வாங்கப் போனவன். யாரிடமோ கல்லின் விவரம் கேட்டான், போய் எழுதிவிட்டான். அந்தக் கதையில் ஒருத்தி அந்தி நேரத்தில் வெறுங்கூடையைக் கல்லின்மேல் வைக்கிறாள். தூக்கும்போது கூடை கனக்கிறது. உள்ளே கண் திறக்காத ஒரு சிசு. “அக்கா, கொஞ்சம் எடுத்துக்கினு போயேன்” என்று ஒரு குரல் பின்னாலேயே வருகிறது.

பத்திரிகை வந்த வாரம் மயிலாப்பூரே குலுங்கியது. லஸ் காப்பி ஹோட்டலில் ஒருத்தன் உரக்கப் படிக்க, மற்றவர்கள் காப்பி ஆறுவது தெரியாமல் கேட்டார்களாம். ஒரு குமாஸ்தா தன் சாப்பாட்டுக் கூடையைத் திறக்கப் பயந்து பட்டினி கிடந்தானாம். ‘இன்னும் எழுதுங்கள், இதைவிடப் பயங்கரமாக எழுதுங்கள்’ என்று பத்திரிகைக்குக் கடிதமாகக் குவிந்தது. சரி, அது அவர்கள் பொழுதுபோக்கு. ஆனால் மந்தைவெளி வக்கீல் வீட்டு அம்மா வாசலில் நின்றுகொண்டு, “ஏம்மா, அந்தக் கல்லு மேல வெச்ச மீனா? வேண்டாம், எடுத்துக்கிட்டுப் போ” என்று சொன்னாள் பாருங்கள், அங்கேதான் ஆரம்பித்தது. நாலு வீட்டில் அதையே சொன்னார்கள். வியாபாரம் போனால் வயிறு காயும். குப்பத்துப் பெண்கள் கழுத்து ஒடிந்தாலும் பரவாயில்லை என்று கல்லைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள்.

கல் காய்ந்துவிட்டது.

“இன்னாதான் எழுதிக்கீறான்? முழுசும் படி, நான் கேக்கணும்” என்றாள் குப்பம்மா. வேண்டாம் அக்கா என்றேன், கேட்கவில்லை. படித்தேன். அசையாமல் கேட்டாள். கடைசியில், “எம் பொண்ணு யாரையும் இப்டி வழிமறிச்சுக் கேக்க மாட்டா. வாய் செத்தவ அது” என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு அவள் வெற்றிலை போடவில்லை.

ரங்கன் வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கூடையைத் தெருமுனையில் வைத்துவிட்டு வாசல் கதவருகே நின்றோம். கதை விஷயமாக வந்திருக்கிறோம் என்றதும் அவன் முகம் பூரித்துப்போனது.

“படிச்சேளா? ரொம்பப் பயமா இருந்துதா?” என்று கேட்டான். பாவி, அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

“அது எம் பொண்ணு கல்லு சாமி” என்றாள் குப்பம்மா.

உள்ளதைச் சொல்கிறேன், கெட்ட பையன் இல்லை. கண் கலங்கிவிட்டது. “ஐயையோ, எல்லாம் நானா கற்பனை பண்ணினதும்மா. பொய்ம்மா” என்றான்.

“அப்போ பொய்யின்னு அத்தயும் எழுது நைனா. எல்லாரும் கூடைய எறக்கட்டும். ரெண்டு உசுரத் தூக்கிக்கினு நிக்குது அது.”

எழுதினான். அடுத்த இதழிலேயே வந்தது. அந்தக் கல் ஓர் ஏழைத் தாய் மகளுக்காக நட்டது, அதில் பயப்பட ஒன்றுமில்லை, என் கதை வெறும் கற்பனை என்று நன்றாகத்தான் எழுதியிருந்தான். படித்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? “அப்போ அந்தக் கல்லு நிஜமாவே இருக்கா!” என்று வாயைப் பிளந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜட்கா வைத்துக்கொண்டு பார்க்க வந்தார்கள். எட்ட நின்று பார்த்துவிட்டு, யாராவது போய்த் தொடு பார்க்கலாம் என்று பந்தயம் கட்டிச் சிரித்தார்கள். ஒரு சுமைகூட அதன்மேல் இறங்கவில்லை.

குப்பம்மா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. போகும்போது மீன்கூடையை, வரும்போது வெறுங்கூடையை, தானே தினமும் இறக்கினாள். “ஊரு எறக்காட்டிப் போவுது. நான் கீறேன்” என்றாள். நான் மீன்காரி இல்லைதான். இருந்தாலும் ஒருநாள் ஒரு மூட்டை சவுக்குச் சுள்ளியைத் தூக்கிக்கொண்டு போய் இறக்கி வைத்தேன். அவள் என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

ஐப்பசி மழை நேரத்தில் ஒருநாள் காலையில் கூடை இல்லாமல் வந்து நின்றாள். முழங்காலெல்லாம் சிராய்ப்பு.

“இன்னா அக்கா, விழுந்துட்டியா?”

“ஓடுனேன்டி.”

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தாள். “நேத்து வெளக்கு வெக்கிற நேரம். வெறுங்கூடதான், கல்லு மேல வெச்சேன். திருப்பித் தூக்குனா கனக்குது மேரி. மழத்தண்ணி எறங்கியிருக்கும், எனக்கும் தள்ளாம. எல்லாம் தெரியுது. ஆனா நீ படிச்சியே, அந்தக் கொரலு காதுல வந்துச்சு. அப்டியே கீழ போட்டுட்டு ஓடியாந்துட்டேன்.”

“அது கதைக்கா. அவனே பொய்யின்னு சொன்னானே!”

“தெரியும்டி.” அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது. “ஊரு பயந்துச்சு, போவட்டும். பெத்தவ நான். அது எம் பொண்ணு, அது எம் பேரப்புள்ள. நெஜமாவே வந்திருந்தா நான் வாரி எடுத்துக்கினு வந்திருக்கணுமா இல்லியா? ரோட்டுல போட்டுட்டு ஓடியாந்தேனே!”

மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். கட்டிப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். அதற்குப் பிறகு அவள் பாலத்துப் பக்கம் வரவே இல்லை. குப்பத்திலேயே கருவாடு காயவைத்துப் பிழைத்தாள். நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் வேறு எதையும் கேட்க மாட்டாள்.

“அந்தப் பக்கமாவா வந்தே? யாரனா எறக்குனாங்களா?” என்பாள்.

எறக்குனாங்க அக்கா என்று ஒவ்வொரு தடவையும் பொய் சொல்வேன்.