தெனியவுக்கு வந்த ஆட்கள்

எங்கள் வீட்டுத் தரை முதன்முதலாகச் சத்தம் போட்டது ஒரு பின்னேரம், அஸர் தொழுகை நேரம். நான் பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்குக் கை பூட்டித் தைத்துக்கொண்டிருந்தேன். மெஷினை மிதித்தால் ஒன்றுமில்லை, காலை எடுத்தால் கேட்கும். மெஷினுக்குத்தான் ஏதோ வந்துவிட்டதென்று எண்ணெய் விட்டேன், பெல்ட்டைக் கழற்றிப் பூட்டினேன். பிறகுதான் விளங்கியது, சத்தம் என் காலுக்கடியிலிருந்து வருகிறது. சீமெந்துக்குக் கீழே யாரோ நாலைந்து அடி வைப்பதும், நிற்பதும், மறுபடி நடப்பதுமாக இருந்தது. செருப்பில்லாத கால், ஈரக் கால். அல்லாவே! எழுந்து வாசலுக்கு ஓடினால் எதிர்வீட்டு அக்காவும் கையில் இடியாப்ப மாவோடு அவட வாசலில் நிற்கிறா. ஒழுங்கையைக் கடந்து வந்து, என் அறை நடுவில் வெறுங்காலோடு நின்று கொஞ்ச நேரம் கேட்டா. "இங்கயும் நடக்குதா?" என்றா. "எங்க குசினில அடுப்புக்குக் கீழ நேத்துலருந்து நடக்குது. கிறுக்குப் புடிச்சிருச்சின்னு சொல்லிருவீங்கன்னுதான் நான் வாயத் தொறக்கல."

அக்கா ஒரு முழு நாள் வாயைத் திறக்காமல் இருந்தா என்பது எனக்குத் தரைச் சத்தத்தைவிடப் பெரிய அதிசயம். அவட வாயில் விழுந்து எழும்பாத ஆள் எங்கள் ஒழுங்கையில் இல்லை, நான் உட்பட. உக்குவளைக்கு மேலே ஒரு பழைய தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவ. அவட தகப்பன் குடும்பத்தில் பாதிப் பேரைப் பிரஜாவுரிமை இல்லையென்று கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்களாம். மிச்சப் பேர் தோட்டத்துக்குத் தோட்டம் பெட்டி படுக்கையோடு அலைந்தார்களாம். கடைசியில் அந்தத் தோட்டத்தையும் துண்டு துண்டாக விற்று லயத்தை இடித்தபோது, புருஷனில்லாத மனுசியாக மாத்தளை டவுனுக்கு வந்து, அலுவிகாரை ரோட்டில் கடைகளுக்குப் பின்னாலிருக்கும் எங்கள் ஒழுங்கையில் குடியேறினா. விடியமுன் இடியாப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பா. எங்களுக்குள் சண்டை வரும், இரண்டு நாள் முகம் பார்க்க மாட்டோம், மூன்றாம் நாள் ஒரு தட்டு இடியாப்பம் என் ஜன்னலில் இருக்கும். போன நோன்புக்கு முந்தின மாதம் தூக்கத்திலேயே போய்விட்டா. அவட வீடு பூட்டிக் கிடக்கிறது.

எங்கள் வீடுகளுக்குப் பின்னால் கிடப்பதைச் சிங்களத்தில் தெனிய என்பார்கள், நாங்களும் அப்படியேதான் சொல்லுவோம். இரண்டு மேட்டுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் சேற்று நிலம். எப்போதோ வயலாம். டவுன் கான்களின் சாக்கடை அழுக்கையெல்லாம் சுமந்து வரும் ஓடை அதற்குள் கறுப்பாக நுழைந்து, புல்லிலும் கங்குன் கீரைக் கொடியிலும் எங்கோ காணாமல் போய், மறுபக்கம் வெளுத்துப் போய் வெளியே வரும். மாதத்துக்கொருதரம் ஓடையின் வாயில் அடைத்த பிளாஸ்டிக்கையெல்லாம் ஒழுங்கையே சேர்ந்து இழுத்துப்போடும். அதைத் தொடங்கி வைத்ததும் அக்காதான். வராதவர்கள் வீட்டு வாசலில் அந்தக் குப்பையை அப்படியே கொட்டிவிட்டு வருவா. மழை காலத்தில் டவுன் தண்ணீர் முழுக்க அந்தச் சேறு குடித்துக்கொள்ளும், அதனால்தான் எங்கள் வீடுகள் நின்றன. என் வீட்டின் பின்னறைதான் ஒழுங்கையிலேயே பள்ளம். அந்த அறையில்தான் மகள்ட வாப்பா, என் புருஷன், படுத்திருந்தார். வலப்பக்கம் முழுதும் இழுத்துப் போய், பேச்சும் குழறிப் போய், கட்டிலே கதியென்று கிடந்த மனிசன். முன்னறைக் கதவால் அந்தக் கட்டில் நுழையாது. அவரைத் தூக்க நாலு ஆம்பளை வேண்டும். தெனிய இல்லாமல் போனால் தண்ணீர் முதலில் தேடி வருவது அவரைத்தான். அதை நினைத்து நான் எத்தனை நாள் சோறு இறங்காமல் இருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

வெளியூர் முதலாளி ஒருவர் தெனியவை வாங்கினார். கல்யாண மண்டபம் கட்டப் போகிறாராம். டிப்பர் டிப்பராகச் செம்மண் வந்து விழுந்தது. நாங்கள் எல்லா ஆபீஸ் வாசலும் ஏறி இறங்கினோம். வந்தார்கள், பார்த்தார்கள், தலையாட்டினார்கள், போனார்கள். நிலத்தில் பாதி நிரம்பிவிட்டது. அந்த நாட்களில்தான் தரை நடக்கத் தொடங்கியது. முதலில் எங்கள் இரண்டு வீடு, பிறகு பக்கத்து வீட்டுச் சிங்கள ஐயாவின் வீடு, பிறகு ஒழுங்கை முழுக்க. தவளைச் சத்தம் நின்றுபோயிருந்தது. முன்பெல்லாம் மஃரிபுக்குப் பிறகு, பொழுது சாய்ந்தால், பேசினால் கேட்காது, அவ்வளவு தவளை. அந்த அமைதிக்குள் தரைக்கடியில் நடக்கிற கால் மட்டும் கேட்கும்.

எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நான் பள்ளிவாசல் லெப்பையைக் கூட்டி வந்து குர்ஆனில் யாசீன் ஓதி, ஓதிய தண்ணீரை மூலைக்கு மூலை தெளித்தேன். சிங்கள ஐயா பிக்குவைக் கொண்டு பிரித் ஓதுவித்து வீட்டைச் சுற்றி நூல் கட்டினார். அக்கா பூசாரியைக் கூட்டி வந்து எலுமிச்சம்பழம் வெட்டினா. மூன்று மதமும் சேர்ந்து ஒரு ஜின்னைத் துரத்திக்கொண்டிருந்தோம், டிப்பர் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. நகரசபை ஓவசியர் வந்து கேட்டுவிட்டு, மண் பாரம் சேற்றுத் தண்ணீரை நெருக்குகிறது, அது வீடுகளுக்கடியில் வழி தேடுகிறது, காற்று அடைபட்டுச் சத்தம் போடுகிறது என்றார். சரியாகத்தான் இருக்கும். ஆனால் பின்னறையில் மகள்ட வாப்பா கட்டில் காலைப் பார்த்துக்கொண்டே, "ஆக்கள்... கீழ ஆக்கள்" என்று குழறிக் குழறிச் சொல்வார். வியாதி பேசுகிறது என்று நான் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு வந்துவிடுவேன். கதவைச் சாத்தின பிறகும் சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணி வெயிலில் அக்கா போய் டிப்பருக்கு முன்னால் நின்றா. சத்தம் போடவில்லை. டிரைவரை இறங்கச் சொல்லி, என் வீட்டுக்குக் கூட்டி வந்து, பிளேன்டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுத்தா. அவர் ரத்தோட்டைப் பக்கத்துச் சிங்கள ஆள். அக்காவின் சிங்களத்தில் இலக்கணமும் கிடையாது, பயமும் கிடையாது. குடித்து முடியுமுன் தரையில் காது வைத்துக் கேட்கச் சொன்னா. அவர் சிரித்துக்கொண்டு, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கன்னத்தைச் சீமெந்தில் ஒட்டிப் படுத்தார். சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே இருந்தது. பிறகு போய்விட்டது. எழும்பாமலே, கண்ணை மட்டும் திருப்பி, யார் அது என்று கேட்டார். "யாருன்னு எனக்கென்ன தெரியும்?" என்றா அக்கா. "நீங்க மண்ணு கொட்டத் தொடங்கினப்புறம் வந்தவங்க." அந்த மனிசன் மிச்சத் தேநீரை அப்படியே விட்டு, கொட்டாத மண்ணோடு டிப்பரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரமே கதை உக்குவளை வரை பரவி, எந்த டிரைவரும் எங்கள் தெனியவுக்கு வர மாட்டேனென்று சொல்லிவிட்டார்கள். அக்கா ஒரு வாரம் ஒழுங்கையில் ராணி மாதிரித் திரிந்தா.

டிப்பர் நின்றது, கொட்டின மண் எங்கே போகும்? முதல் மழைக்கே பின்னறைச் சுவர் ஓரம் தண்ணீர் ஊறியது. மேலிருந்து ஒழுகவில்லை, தரைக்குள்ளிருந்து வியர்வை மாதிரி வந்தது. துடைத்தால் வரும், துடைத்தால் வரும். பெரிய மழைக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. வழக்குப் போட்டால் முடிய வருஷக் கணக்காகும். அப்போதுதான் ஒழுங்கையே கூடிச் சிரமதானம் செய்வதென்று முடிவெடுத்தோம். நிரப்பின மண்ணின் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி, ஓடையைச் சேற்றோடு மறுபடி சேர்த்துவிடுவது. பெர்மிஷன் கிர்மிஷன் எதுவும் இல்லை. பௌர்ணமிப் போயா லீவு நாள், காலையிலேயே மண்வெட்டி, அலவாங்கோடு ஒழுங்கை முழுக்க இறங்கிவிட்டது. பள்ளியிலிருந்து லெப்பையும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அக்கா ஒரு வாளி இடியாப்பமும் சம்பலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேலை செய்யாதவனுக்குச் சம்பல் மட்டும்தான் என்றா.

பாதி தூரம் வெட்டியிருப்போம். முதலில் வந்தது ஒரு சீமெந்துத் துண்டு, நீலம் கலந்து சுண்ணாம்படித்தது. எங்கோ இடித்த சுவர் என்று எறிந்தோம். பிறகு ஒரு சின்ன இரும்பு உரல், கிழவிகள் வெற்றிலை இடிப்பார்களே, அது. அதற்குப் பிறகு சிங்கள ஐயா விறகென்று நினைத்து ஒன்றைப் பிடித்து இழுத்தார். இழுத்தவர் கையை உதறிக்கொண்டு பின்னால் போனார். விறகு இல்லை. மனுச எலும்பு. மண்வெட்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. அக்கா மட்டும் எறிந்த சீமெந்துத் துண்டைத் தேடியெடுத்து, ஓடைத் தண்ணீரில் கழுவி, விரலால் தடவினா. ஈரச் சீமெந்தில் யாரோ விரலாலேயே எழுதின எழுத்து. பெயரின் கடைசி, "ம்மா" என்று மட்டும் மிச்சம்.

"எங்க தோட்டத்துல பொதைக்கிற மேடு," என்றா. "கல்லு வாங்க ஏது வசதி, நாங்களே சீமெந்து பூசி, வெரலால பேரெழுதி, நீலம் போட்டு அடிப்போம். மலையோட வெட்டி டிப்பர்ல ஏத்திட்டானுக, பாவிங்க. எங்கப்பன் அங்கதான். எம் மூத்ததும் அங்கதான்." அவவுக்கு மூத்தது ஒன்று இருந்து, எட்டு மாதத்தில் தவறிப்போன கதையை ஒரே ஒருதரம்தான் எனக்குச் சொல்லியிருக்கிறா. நாங்கள் நின்றுகொண்டிருந்த செம்மண் முழுக்க அவட ஆட்கள். எனக்குக் காலைத் தூக்கி எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

எல்லோரும் குழியிலிருந்து ஏறினார்கள். பொலிசுக்குச் சொல்லவேண்டும் என்றார் சிங்கள ஐயா. அடக்கின கபுரைத் தோண்டுவது கூடாது, இப்படியே விட்டுவிடுவோம் என்றார் லெப்பை. இரண்டு பேர் சொன்னதும் சரிதான். விட்டால் வாய்க்கால் அரைகுறை. நக்கிள்ஸ் மலைப்பக்கம் பட்டப்பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. காற்று நின்றுவிட்டது. நான் என் பின்னறை ஜன்னலைப் பார்க்கக் கூடாதென்று கண்ணைப் பிடித்து வைத்திருந்தேன். "உங்கட புள்ளட எலும்பை எடுத்து ஓரமா வையுங்க, என்ட மனிசன்ட கட்டில் நனையுது" என்று எந்த வாயால் கேட்பது? கேட்கவில்லை. அந்த நேரம் ஜன்னலுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. "ஆக்கள்... ஆக்கள்." எல்லோருக்கும் கேட்டது. அக்கா ஜன்னலைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா, பார்த்துக்கொண்டே நின்றா.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். மறுநாள் தொடங்கிய மழை நாலு நாள் விடவில்லை. தண்ணீர் கட்டில் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வாய்க்கால் வழியே தெனியவுக்குப் போய்விட்டது. மகள்ட வாப்பா அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் இருந்து, காய்ந்த படுக்கையில் மௌத்தானார். பொலிசும் வந்தது, பெரிய ஆட்களும் வந்தார்கள், கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். கிடைத்ததையெல்லாம் மேட்டோரத்தில் ஒரு கும்புக் மரத்தடியில் அடக்கம் செய்திருந்தோம், அங்கேயே இருக்கட்டும் என்று விட்டார்கள். இப்படிப்பட்ட மண்ணில் யார் தாலி கட்டுவார்கள்? முதலாளி அந்தப் பக்கமே வருவதில்லை. கங்குன் திரும்பவும் படர்ந்து, தவளையும் வந்துவிட்டது. தரைச் சத்தம் அடங்கிவிட்டது. சில பின்னேரங்களில் மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறேன், ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் இப்போது எனக்குப் பயம்.

ஆனால் குழியோரம் நின்ற அந்த நேரத்தில் இதெல்லாம் ஒருவருக்கும் தெரியாது. மண்வெட்டிகளை வைத்துவிட்டு எல்லோரும் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவ அழவில்லை, யாரையும் ஏசவுமில்லை. சீமெந்துத் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டா. "மம்பட்டிய எடுங்க தங்கச்சி, பார்த்துக்கிட்டே நின்னா மழ வந்துரும்," என்றா. "இன்னொரு வாட்டி நகந்துக்குவாங்க. எங்காளுகளுக்கு அது பழக்கந்தான்."

சொல்லிவிட்டு, சேலை முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, முதல் ஆளாகக் குழிக்குள் இறங்கினா.