கடலோரக் கல்லறைத் தோட்டம்

பக்கத்து வீட்டுச் சுவருக்கு இன்று சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த ஈர வாசனை ஜன்னல் வழியாக வந்ததும், எங்கள் ஊரான இனயத்தில் கடலை ஒட்டியிருந்த, இப்போது இல்லாத எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு முன்பு அம்மாவும் நானும் அப்பாவின் கல்லறைக்கு வெள்ளையடிப்போம். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்க, மதிலுக்கு அப்பால் அலை வந்து மோதும் ஒவ்வொரு முறையும் காலுக்கடியில் மண் அதிரும், வருடத்துக்கு வருடம் அந்தச் சத்தம் கிட்டத்தில் வந்துகொண்டேயிருந்தது. ஒரு வருடம் மதில் விழுந்தது. பிறகு முன்வரிசைச் சிலுவைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து மணலுக்குள் போயின.

எலும்புகளை எடுத்து மேட்டிலுள்ள புதுத் தோட்டத்தில் வைக்கலாம் என்று பங்குச்சாமியார் சொன்னபோது மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். அம்மா மட்டும் மறுத்தாள்.

"ஆண்டவரு வரும்போ எங்க வீட்டுக்காரரு இங்கேருந்துதான் எழும்பணும் சாமி. அதுவரைக்கும் யாரும் தொடாண்டாம்."

அடுத்த ஆனி மாதம் கடல் ஏறியதில் தோட்டம் முழுக்கப் போய்விட்டது. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தோம். அப்பாவைப் புதைத்த இடத்தில் நுரை சுழன்றுகொண்டிருந்தது. நான் அழுதேன். அம்மா அழவில்லை.

"வள்ளம் கவிழ்ந்தப்போ மூணாம் நாளு கடலு அவரைக் கரையில கொண்டு போட்டுதுல்லா மக்கா. ஆண்டவரு வந்து கேட்டா இன்னொருக்கயும் தரும்," என்றாள்.

அன்று முதல் மாலை ஜெபத்துக்கு அவள் இயேசு படத்துக்கு முன்னால் உட்காரவில்லை. கதவைத் திறந்துவைத்துக் கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். பெரிய அலை அடிக்கும்போதெல்லாம் ஜெபத்தை நிறுத்திவிட்டு உற்றுக் கேட்பாள். எங்கள் வாசலுக்கும் தண்ணீருக்கும் நடுவே மணல் குறைந்துகொண்டே வந்தது.