பலகைக்கு முதுகு காட்டியவர்

துறைமுகத்துக்குப் பக்கத்து நாணயமாற்றுக் கடையில், பலகையில் வெண்கட்டியால் டொலர் விலை எழுதுகிறவர் அவர். ரூபாய் சரிந்துகொண்டிருந்த நாட்கள். தொலைபேசியில் புது விலை வரும் ஒவ்வொரு முறையும், அதை எழுதி முடித்ததும், கதிரையைத் திருப்பிப் போட்டுப் பலகைக்கு முதுகு காட்டி அமர்ந்துவிடுவார்.

படகு என்ஜின் வாங்க அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய டொலரோடு போயிருந்தேன்.

“இன்னும் ஏறட்டும், பிறகு மாத்துறன்” என்றேன்.

“என்ஜினும் ஏறும் அக்கா. காசை அச்சடிச்சுக்கொண்டே போனால் எல்லாம் ஏறும்தானே.”

எனக்கு எரிச்சல் வந்தது. “இவ்வளவு தெரிஞ்ச நீங்கள் டொலர் வாங்கி வைச்சிருப்பியள், என்ன?”

வெண்கட்டி படிந்த விரல்களைக் காற்சட்டையில் துடைத்தார்.

“எங்க ஏலும் அக்கா? எனக்குச் சம்பளம் ரூபாயில.”

உள்ளே தொலைபேசி அடித்தது. யாரும் அதை எடுக்குமுன்பே, அவர் எழுந்து பலகையை அழிக்கத் தொடங்கினார்.